அக்கரையில் ஒரு ரூபாய், இக்கரையில் ஒரு ரூபாய்... எது பெரிசு, தெரியுமா?

ராமநாதபுரத்தில் பஸ் ஏறி ராமேஸ்வரம் போய்ச் சேர சுமார் 55 கிலோமீட்டர். தனுஷ்கோடி முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்கோ சுமார் 30 கிலோமீட்டர்தான்! இந்தச் சின்னக் கடலைத் தாண்டுகிறவர்கள் பணத்தை மாற்றும்போது கணக்கே போடவேண்டியிராத ஒரு காலம் இருந்தது தெரியுமா? ஒரு இந்திய ரூபாய்க்கு ஒரு சிலோன் ரூபாய். அவ்வளவுதான்! சென்னை எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறி, பாம்பன் பாலம் கடந்து, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பில் இறங்கிய மூன்று தலைமுறைக்கு ரூபாய் என்றால் ரூபாய்தான்.

சிலோன் ரூபாய் பிறந்த கதையே நம் ரூபாயிலிருந்துதான். 1872-ல் அந்தத் தீவு ரூபாயைத் தன் நாணயமாக எடுத்துக்கொண்டு, அதை நூறு சதமாகப் பிரித்துக்கொண்டது. நாமோ 1957 ஏப்ரல் 1 வரை பதினாறு அணாவில்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். நூறு காசுக் கணக்கில் அக்கரை நம்மைவிட 85 வருடம் முன்னால் நின்றது!

இதைவிடப் பெரிய ஆச்சரியம் 1966-ல் நடந்தது. அந்த ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. முந்தின நாள் ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா. மறுநாள் 7 ரூபாய் 50 பைசா. சிலோன் ரூபாய் இருந்த இடத்திலேயே நின்றது. ஒரே இரவில் ஒரு சிலோன் ரூபாயின் மதிப்பு 1 ரூபாய் 57 பைசா ஆகிவிட்டது! ஆமாம், இலங்கை ரூபாய் நம் ரூபாயைவிடப் பெரியதாக இருந்த காலம் உண்டு. 1967 நவம்பரில் அவர்களும் மதிப்பைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகும் அது நம் பணத்தில் ஒன்றேகால் ரூபாய்க்கு மேல்தான் பெற்றது. 2025-ல் நிலைமை தலைகீழ். நம் ஒரு ரூபாய்க்கு சுமார் மூன்றரை இலங்கை ரூபாய்.

சரி, நாம் மூன்றரை மடங்கு வசதியாகிவிட்டோமா? இல்லவே இல்லை! ஒரு ரூபாய் கொடுத்தால் ஒன்றரை ஜப்பானிய யென்னுக்கு மேல் கிடைக்கிறது. அதனால் ஜப்பான்காரர் நம்மைவிட ஏழை என்று யாராவது சொல்வார்களா? நோட்டில் அச்சிட்ட எண் வெறும் எண். அந்த எண்ணைக் கொடுத்து எவ்வளவு அரிசி வாங்க முடிகிறது, எத்தனை தூரம் பஸ்ஸில் போக முடிகிறது, எத்தனை மாத்திரை கிடைக்கிறது? அதுதான் வாங்கும் சக்தி. அந்த எண்ணைச் சம்பாதிக்க எத்தனை நாள் உடம்பு உழைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும். இந்தக் கடற்கரையில் அந்தக் கணக்குக்கு இரண்டாயிரம் வருடச் சாட்சி கிடக்கிறது. வாருங்கள்!

வைகை கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்திலுள்ள அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானிய நாணயங்கள் கிடைத்தன. ரோமானியக் கப்பலைக் கீறி வரைந்த பானை ஓடும் கிடைத்தது. கி.பி. முதல் நூற்றாண்டில், ரோமில் உட்கார்ந்து பிளினி என்ற அறிஞர் வயிறெரிந்து எழுதிவைத்திருக்கிறார்: இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை நம்மிடமிருந்து உறிஞ்சுகிறது, அங்கிருந்து வரும் சரக்கு இங்கே அடக்கவிலையைப் போல நூறு மடங்குக்கு விற்கிறது என்று. நூறு மடங்கு!

பிளினி மிளகின் விலையையும் குறித்து வைத்தார். ஒரு ரோமானிய ராத்தல் கருமிளகு 4 தினாரி. அந்த ராத்தல் நம் அளவில் 330 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அன்று ரோமானியப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தினாரி. வகுத்துப் பாருங்கள்: ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்கு மிளகுக்கு உலகத்தையே ஆண்ட படையின் வீரன் ஆறரை நாள் உழைக்கவேண்டியிருந்தது! 2025-ல் நூறுநாள் வேலைக்குப் போன ராமநாதபுரத்துப் பெண்மணி தன் ஒருநாள் கூலியில் ஏறக்குறைய அதே அளவு மிளகை வாங்கிவிட முடிந்தது. ரோமப் பேரரசின் போர்வீரனை மிளகு விஷயத்தில் அவர் ஜெயித்துவிட்டார்!

பிற்காலத்தில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் அடித்த நாணயத்தில் நந்தியும், கூடவே தமிழில் ‘சேது’ என்ற எழுத்தும் இருக்கும். அங்கே அரசாண்டாலும் காசில் பொறித்தது இங்கேயுள்ள சேதுவை! ராமநாதபுரம் சேதுபதிகளும் தங்கள் பங்குக்குச் செப்புக்காசு அடித்தார்கள். இரண்டு கரையும் ஒரே சந்தையாகப் புழங்கியதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

54 சதம் தேடிப் போனவர்கள்

மண்டபம் முகாம் என்றால் இன்று அகதிகள் முகாம் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அது எதற்கு இருந்தது தெரியுமா? இலங்கைத் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குப் போகிற கூலியாட்களை நிறுத்திவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அக்கரைக்கு அனுப்புகிற இடம். இந்திய மண்ணில் இருந்தது. நடத்தியது இலங்கைத் தரப்பு!

ராமநாதபுரமும் மதுரையும் திருச்சியும் வானம் பொய்த்தபோதெல்லாம் ஆள் திரட்டும் கங்காணியின் பின்னால் கிளம்பின. அக்கரையில் என்ன கூலி? இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இலங்கையில் 1927-ல் வந்தது. 1929-ல் விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன. மலைநாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. நடுநாட்டில் ஆணுக்கு 52, தாழ்நாட்டில் 50. கவனித்தீர்களா? ஒரே தீவு, ஒரே வேலை, உயரத்துக்கு ஒரு கூலி! ஏனென்றால் மலை ஏற ஏறச் சாப்பாட்டுச் செலவும் கம்பளிச் செலவும் ஏறும். அரிசியையும் நிர்ணயித்த விலைக்குத் தோட்டமே கொடுக்கவேண்டும் என்று கூலிக் கணக்கோடு பிணைத்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை பிறப்பதற்கு முன்பே, பொருளாதார நிபுணர்கள் பெரிய கணினிகளோடு உட்காருவதற்கு முன்பே, நம் கூலித் தமிழர்களின் அரிசிச் சட்டியை வைத்து வாங்கும் சக்தியை அளந்துவிட்டார்கள்! அளந்த பிறகும் அவர்களுக்குக் கொடுத்தது அந்த 54 சதம்தான் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இக்கரைக்குத் திரும்புவோம். ராமேஸ்வரத்து மசூதித் தெருவில் ஒரு சிறுவன். 1939-ல் உலகப் போர் மூண்டதும், என்ன காரணமோ, புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. சிறுவன் பொறுக்கிக்கொண்டு போய்த் தெருவிலிருந்த மளிகைக் கடையில் கொடுத்தால் ஒரு நாளைக்கு ஓரணா. ஐரோப்பாவில் ஹிட்லர் படையை நகர்த்த, ராமேஸ்வரத்தில் புளியங்கொட்டை காசாகிறது! அந்தச் சிறுவன்தான் அப்துல் கலாம். தன் சுயசரிதையில் அவரே சொல்கிறார். பிற்பாடு சென்னை எம்.ஐ.டி.யில் சேரச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த ஆயிரம் ரூபாய் எவ்வளவு பெரியது? 1950-களில் 10 கிராம் தங்கம் நூறு ரூபாயைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் விற்றது. அப்படியானால் ஆயிரம் ரூபாய் என்பது பன்னிரண்டு பவுனை எட்டும் தொகை! 2025 அக்டோபரில் ஒரு பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியதே, அந்த விலையில் பார்த்தால் பத்து லட்சத்துக்கு மேல்!

குவைத்தில் செல்லுபடியான நம் ரூபாய்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி. இந்த ஊர்களில் சபுராளி, அதாவது பிழைக்கக் கடல் தாண்டிப் போனவர், இல்லாத தெரு கிடையாது. பர்மா, மலேயா, சிங்கப்பூர், இலங்கை, பிறகு வளைகுடா. இவர்கள் போன இடமெல்லாம் ஒரு காலத்தில் நம் ரூபாய் புழங்கிய இடம் என்பது தெரியுமா? சிங்கப்பூரும் பினாங்கும் 1867 வரை சட்டப்படி ரூபாயில் இருந்தன. பர்மா 1952-ல் கியாத்துக்கு மாறும்வரை ரூபாய்தான். குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், ஓமன்... அங்கெல்லாம் கடைவீதியில் செல்லுபடியான பணம் இந்திய ரூபாய்!

அதிலும் ஒரு விசித்திரம். வளைகுடா வழியாகத் தங்கம் கடத்திவந்து இந்தியாவில் விற்று, அந்த ரூபாயை மறுபடி அங்கே கொண்டுபோய் அந்நியச் செலாவணியாக மாற்றிக்கொண்டார்கள். நம் கையிருப்பு கரைந்தது. உடனே 1959-ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அச்சடித்தது. இந்தியாவில் செல்லாத இந்திய ரூபாய்! ஹஜ் யாத்திரை போகிறவர்களுக்கென்று இன்னொரு தனி நோட்டு!

1961-ல் குவைத் தன் தினாரைக் கொண்டுவந்தபோது மாற்று விலை என்ன தெரியுமா? ஒரு தினாருக்கு 13 ரூபாய் 33 காசு. 1965-ல் பஹ்ரைன் தினார் பத்தே ரூபாய். அப்புறம் 1966-ல் நம் மதிப்புக் குறைப்பு வந்து எஞ்சியவர்களையும் துரத்திவிட்டது. ஓமன் மட்டும் 1970 வரை தாக்குப்பிடித்தது. 2025-ல் ஒரு குவைத் தினார் 280 ரூபாயைத் தாண்டியது. இருபது மடங்குக்கு மேல்!

அப்படியானால் குவைத்தில் 100 தினார் சம்பாதிக்கிறவர் 28,000 ரூபாய்க்காரரா? இங்கேதான் விஷயத்தின் உயிர்நாடி இருக்கிறது. அந்த 100 தினாரை அங்கேயே செலவழித்தால் அது சின்னத் தொகை. வீட்டு வாடகை ஒன்றே விழுங்கிவிடும். அதனால்தான் நம் ஆட்கள் ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று அடுக்குக் கட்டிலில் படுக்கிறார்கள். சேர்ந்து சமைக்கிறார்கள். முடிவெட்டுவதைக்கூடத் தள்ளிப் போடுகிறார்கள். வீட்டிலிருக்கும் மனைவியும் அம்மாவும் கீழக்கரைச் சந்தை விலையில் செலவழிக்கிறார்கள். அவர் ஒருவர்தான் குவைத் விலையில் வாழ்கிறார், அதுவும் முடிந்தவரை வாழாமல். சம்பாதிப்பது விலை உயர்ந்த நாட்டில், செலவழிப்பது விலை குறைந்த ஊரில் என்ற இந்த வித்தையால்தான் இந்த வறண்ட மாவட்டத்தில் இத்தனை மாடிவீடு எழும்பியது. அந்த மாடி ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு மனிதரின் இளமை இருக்கிறது.

65 ரூபாயா, 20 ரூபாயா?

வாங்கும் சக்தி ஒப்பீடு என்ற கோட்பாட்டுக்குப் பெயர் வைத்தவர் சுவீடன் நாட்டுக் குஸ்தாவ் காஸல், 1918-ல். கருத்து அதைவிடப் பழையது. 1556-லேயே ஸ்பெயினின் மார்ட்டின் டி அஸ்பில்குவேத்தா என்ற பாதிரியார் கவனித்து எழுதினார்: அமெரிக்காவிலிருந்து வெள்ளி கொட்டக் கொட்ட ஸ்பெயினில் விலை ஏறுகிறது, பணம் குறைவாக இருக்கும் நாட்டில் அதே பொருள் மலிவாகக் கிடைக்கிறது என்று.

உலக நாடுகளின் விலைகளைத் தெருத்தெருவாகச் சேகரித்து ஒப்பிடும் பெரும்பணி 1968-ல் ஐக்கிய நாடுகள் சபையும் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கியது. முதல் சுற்றில் பத்தே நாடுகள். அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், கென்யா, ஹங்கேரி... கூடவே இந்தியா! முதல் பத்தில் நாம் இருந்தோம்! உலக வங்கியின் மேற்பார்வையில் நடந்த 2021 சுற்றில் 176 நாடுகள், பொருளாதாரப் பகுதிகள் கலந்துகொண்டன. எந்த ரக அரிசி, எத்தனை கிராம் சோப்பு, எப்படிப்பட்ட கான்கிரீட், ஆசிரியருக்கு என்ன சம்பளம், டாக்டருக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் வரையறுத்து விலை எடுக்கிறார்கள். இதில் எத்தனை தலைவலி! நமக்குப் பொன்னி, இலங்கைக்காரருக்குச் சம்பா; அங்கே தாளிக்கத் தேங்காயெண்ணெய், இங்கே பல வீடுகளில் கடலையெண்ணெயும் நல்லெண்ணெயும். எதை எதோடு ஒப்பிடுவது? ‘எக்கனாமிஸ்ட்’ பத்திரிகை 1986-ல் இதற்குச் சுருக்குவழியாக ‘பிக் மாக்’ பர்கரை எடுத்துக்கொண்டது. மாட்டிறைச்சி பர்கர் விற்காத இந்தியாவுக்குக் கோழி ‘மகாராஜா மாக்’ விலையை வைத்துக்கொண்டார்கள்! என்னைக் கேட்டால் இட்லியே போதும் என்பேன். 2013-ல் அம்மா உணவகம் தொடங்கியபோது ஓர் இட்லி ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயை டாலராக மாற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சட்னிகூடக் கிடைக்காது!

2017-ஆம் ஆண்டு விலைகளை வைத்துப் போட்ட கணக்கு என்ன சொன்னது தெரியுமா? வங்கியில் ஒரு டாலருக்கு 65 ரூபாய் 12 காசு. ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலர் செய்யும் வேலையை இந்தியாவில் 20 ரூபாய் 65 காசே செய்துவிடும்! மூன்றில் ஒரு பங்கு! இந்தக் கணக்கில்தான் இந்தியா உலகின் மூன்றாவது பெரிய பொருளாதாரமாக நிற்கிறது.

ஏன் இப்படி? ராமநாதபுரத்தில் முடிவெட்ட நூறு, நூற்றைம்பது ரூபாய். அமெரிக்க நகரத்தில் இருபது, முப்பது டாலர். கத்தரி ஒன்றுதான், தலை ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான்! நம் நாவிதரின் கை எந்த விதத்தில் குறைந்தது? குறையவில்லை. ஆனால் முடிவெட்டுவதைக் கப்பலில் ஏற்றி அனுப்ப முடியாது. கப்பலேறும் சரக்கைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் உற்பத்தித் திறன் உயர்ந்த நாட்டில் அந்தத் தொழிலாளியின் சம்பளம் ஏறுகிறது. அவரோடு போட்டிபோட வேண்டியிருப்பதால் நாவிதர், ஆசிரியர், ஓட்டுநர் எல்லோர் கூலியும் கூடவே ஏறுகிறது. நம் ஊரில் அந்த ஏற்றம் வரவில்லை, அதனால் எல்லாச் சேவையும் மலிவு. பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இருவர் இதைத் தனித்தனியே எழுதி விளக்கிய ஆண்டு 1964. தனுஷ்கோடியைப் புயல் விழுங்கிய அதே ஆண்டு!

சந்திரயான்-3 நிலவில் இறங்க ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய், அதாவது ஏழரைக் கோடி டாலர்தான் என்று உலகமே வாய்பிளந்தது. அந்த 615 கோடியை 20.65-ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 30 கோடி டாலர்! நம் விஞ்ஞானிகள் ரூபாயில் சம்பளம் வாங்கி, ரூபாயில் வாடகை கொடுத்து, ரூபாயில் காய்கறி வாங்கி நிலவைத் தொட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கும் இதே கதை. 550 கோடிக்கு மேல் செலவு. வங்கி விகிதத்தில் ஆறரைக் கோடி டாலர் போலத் தெரியும். வாங்கும் சக்தியில் அது 26 கோடி டாலருக்கு மேற்பட்ட வேலை!

கூலியை ஒப்பிட்டாலும் தலை சுற்றும். நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கான நாள் கூலி 336 ரூபாய். அமெரிக்காவின் மத்தியச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-லிருந்து ஒரு சென்ட்கூட ஏறவில்லை! எட்டு மணி நேரத்துக்கு 58 டாலர். வங்கி விகிதத்தில் நம் கூலி 4 டாலரைக்கூடத் தொடாது. பதினைந்து மடங்கு வித்தியாசம். 20.65-ஆல் வகுத்தால் 16 டாலருக்கு மேல் வருகிறது. வித்தியாசம் மூன்றரை மடங்காகச் சுருங்குகிறது.

ஆனால் ஒரு நிமிஷம்! இந்தச் சுருக்கத்தைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. ராமேஸ்வரம் விசைப்படகுக்குப் போடும் டீசலின் அடிப்படை விலை டாலரில். என்ஜின் பாகம், ஜி.பி.எஸ். கருவி, கைப்பேசி எல்லாம் உலக விலையில். பெண்ணுக்குப் போடும் தங்கம் உலக விலையில். முடிவெட்டுபவரும் ஆட்டோக்காரரும் நமக்குத் தரும் மலிவை டீசல் பங்க் தராது. சுவிட்சர்லாந்தின் யு.பி.எஸ். வங்கி 2015-ல் ஒரு கணக்குப் போட்டது: ஐபோன் வாங்க ஜூரிச்சிலும் நியூயார்க்கிலும் மூன்று நாள் உழைப்புக்கும் குறைவு, உக்ரைனின் கீவ் நகரத்தில் 13 வாரம்!

ஒரே கடல், ஒரே பிராணி, இரண்டு விலை

கடல் அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? கடலடி மணலில் ஊர்ந்து கிடக்கும் சாதுவான ஜீவன். சீனத்திலும் ஹாங்காங்கிலும் அதற்கு விருந்து மதிப்பு. இந்தியாவில் 2001-லிருந்து அதைப் பிடிக்கத் தடை. பிடித்தால் ஏழு ஆண்டுவரை சிறை. இலங்கையிலோ உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணை வைத்து வளர்க்கவும் செய்யலாம். பாக் விரிகுடாவில் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் அதன் நேர்மையான விலை பூஜ்யம், அந்தப் பக்கம் பெரும் பணம்! மண்டபம் கரையில் மூட்டை மூட்டையாக அட்டை பிடிபடும் செய்தி அடிக்கடி வருவது இதனால்தான். (தடையை எதிர்த்துப் பேசும் மீனவர்களின் வயிற்றுப்பாடும் நியாயமானது, அழிந்துகொண்டிருக்கும் உயிரைக் காக்கும் சட்டமும் நியாயமானது. இரண்டுக்கும் வழி காண்பது அரசின் பொறுப்பு.)

இதேபோல் மஞ்சள்! இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடுத்ததும் 2020-ல் அங்கே கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறியது. ஈரோட்டிலும் சேலத்திலும் விளைந்த மஞ்சள், ரசத்துக்குப் போடும் சாதாரண மஞ்சள், ராமநாதபுரம் கடற்கரையில் கடத்தல் சரக்காகிவிட்டது! மஞ்சளும் பீடி இலையும் போகும் திசைக்கு எதிர்த்திசையில் வருவது தங்கம். இந்தியா 2022 ஜூலையில் தங்க இறக்குமதி வரியை 15 சதவீதமாக உயர்த்தியது. மறு ஆண்டே மண்டபம் கடலில் துரத்தலுக்குப் பயந்து வீசப்பட்ட தங்கக் கட்டிகளை முக்குளிப்பவர்கள் தேடி எடுத்தார்கள். 2024 ஜூலையில் வரி 6 சதவீதமானது. ஒரே பொருளுக்கு எங்கும் ஒரே விலை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அந்த விதியை உடைப்பது கடல் அல்ல, வரியும் தடையும்தான்.

2022-ல் இலங்கையில் வந்த பொருளாதார நெருக்கடியை மறக்க முடியுமா? மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் 360. தோட்டத் தொழிலாளர்கள் பல வருடம் போராடி 2021-ல்தான் நாளொன்றுக்கு 1,000 ரூபாய்க் கூலியை வாங்கியிருந்தார்கள். கையில் வந்தபோது அது 5 டாலர். ஓராண்டு கழித்து அதே ஆயிரம் 3 டாலர்கூட இல்லை! செப்டம்பரில் கொழும்பு விலைவாசி முந்தின ஆண்டைவிட 70 சதவீதம் உயரே. உணவு விலை ஏறக்குறைய இரட்டிப்பு. மார்ச் 22 அன்று முதல் குடும்பங்கள் தனுஷ்கோடி மணலில் வந்து இறங்கின. இலங்கைப் போரின் குண்டுக்குத் தப்பி இக்கரை வந்தவர்களை இந்தக் கடற்கரை முன்பே பார்த்திருக்கிறது. இந்த முறை அவர்களைத் துரத்தியது அரிசி விலையும் பால்மா விலையும்! 54 சதம் தேடி இங்கிருந்து அக்கரைக்குப் போனவர்கள் தங்கிய அதே மண்டபம் முகாம் இவர்களை ஏற்றது. மே மாதம் தமிழ்நாடு அரசின் முதல் கப்பல் 9,000 டன் அரிசியோடும் 200 டன் பால்மாவோடும் சென்னையிலிருந்து கிளம்பியது. சரியான காரியம், சரியான நேரத்தில் செய்தார்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தெரிந்துகொள்ளாமல் விடவே கூடாது. உலக வங்கியின் வறுமைக் கோடு 2025 ஜூனில் நாளொன்றுக்கு 3 டாலராக உயர்ந்தது. 3 டாலர் என்றதும் நாம் 250 ரூபாய் என்று பெருக்கிவிடுகிறோம். தவறு! அது வாங்கும் சக்தி டாலர். 2021 விலைகளின்படி நம் பணத்தில் சுமார் 60 ரூபாய்தான்! அறுபது ரூபாய்க்கு மேல் ஒரு ஜீவனுக்கு ஒரு நாள் செலவாகிவிட்டால் அந்தக் கணக்கில் அவர் ஏழை இல்லை. ராமேஸ்வரம் சன்னதித் தெருவில் நின்று அறுபது ரூபாய்க்கு மூன்று வேளைச் சாப்பாடு, பஸ், மருந்து, பிள்ளைக்கு நோட்டு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்! ஏழை நாடுகளில் சேவைகள் மலிவாக இருக்கும் அளவுக்கு உணவு மலிவாக இருப்பதில்லை. ஏழையின் செலவிலோ பெரும்பங்கு உணவு. ஏழைகளுக்கு எந்த விலைப்பட்டியலை வைத்து அளப்பது என்ற கேள்வியை நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் போன்றவர்களே பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள்.

விலைகளை எழுதிவைத்தவர்கள் இருந்ததால்தான் இவ்வளவும் இன்று நமக்குத் தெரிகிறது. பிளினி மிளகு விலையை எழுதினார், தோட்டச் சட்டம் 54 சதத்தை எழுதியது, கலாம் ஓரணாவை எழுதினார். உங்கள் வீட்டுப் பரணில் சிலோனிலிருந்தும் பர்மாவிலிருந்தும் குவைத்திலிருந்தும் வந்த பழைய கடிதங்கள் இருக்கலாம். ‘இங்கே அரிசி இன்ன விலை, இந்த மாதம் இவ்வளவு அனுப்புகிறேன்’ என்று தாத்தாவோ அத்தாவோ எழுதியிருப்பார். கணக்கு நோட்டு, மணியார்டர் துண்டு, கடைச் சிட்டை எதுவானாலும் தயவுசெய்து பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஆண்டையும் ஊரையும் பின்னால் குறித்து வையுங்கள். முடிந்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: முதல் சம்பளம் எவ்வளவு, அன்றைக்கு ஒரு படி அரிசி என்ன விலை?